காரும் கைப்பேசியும் ஒன்றையொன்று மறந்தால்...

அஞ்சடிப் பேச்சு



சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. பிள்ளைகளின் கட்டுரை நோட்டுகளை அஞ்சடியில் பரப்பி வைத்துக்கொண்டு திருத்திக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு கார் வந்து நின்றது. முன்பக்கம் நசுங்கியிருந்தது. இறங்கியவன் ஒரு காலத்தில் என்னிடம் ஆறாம் ஆண்டு படித்த பையன். இப்போது பட்டணத்துத் தொழிற்சாலை ஒன்றில் இரவு ஷிப்டு வேலை.

அவன் தாயாரை இந்தத் தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். இருபத்தைந்து வருடம் பால்மரம் வெட்டியவர். இரண்டு வருடமாகச் சிறுநீரகம் வேலை செய்யவில்லை. வாரத்துக்கு மூன்று நாள் பட்டணத்துக்குப் போய் இரத்தம் சுத்திகரித்துக்கொண்டு வருகிறார். மகன்தான் காரில் கூட்டிப் போகிறான். அங்கே நாலு மணி நேரம் ஆகும். முடிந்ததும் தாயார் கைப்பேசியில் கூப்பிடுவார். தலைசுற்றல், மயக்கம் என்றால் தாதி கூப்பிடுவார். எந்த அழைப்பு எதைச் சொல்லும் என்று தெரியாது. ஆகவே ஒன்றையும் விடாமல் எடுத்தாக வேண்டும்.

"கார்ல புளூடூத் இருக்குதே, அதுல பேசலாமேப்பா?" என்று கேட்டேன்.

"அதுதான் டீச்சர் மூணு வாரமா வேலை செய்யல. புதுக் கைப்பேசி வாங்குனேன். அதைக் கார் சேத்துக்கவே மாட்டேங்குது. கடையில காட்டினேன். ரேடியோ செத்துப் போச்சு, புதுசு மாத்தணும், 680 வெள்ளி ஆகும்னாங்க. சம்பளம் போடட்டும்னு விட்டுட்டேன்."

சம்பளம் வருவதற்குள் நடந்ததுதான் காரின் நசுங்கிய முகம். மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலை, தாயாரைக் கூட்டிவரத் தோட்டத்துச் செம்மண் சாலையில் போயிருக்கிறான். பக்கத்து இருக்கையில் கிடந்த கைப்பேசி அடித்திருக்கிறது. குனிந்து எடுத்திருக்கிறான். நிமிர்ந்தபோது செம்பனைக்குள்ளிருந்து ஒரு மாடு சாலையின் நடுவே. மாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. பையனுக்கும் ஒன்றும் ஆகவில்லை. காரின் முன்சக்கரம் வடிகாலில் இறங்கிவிட்டது. அழைப்பில் தாயார் சொல்ல வந்தது என்ன தெரியுமா? "அவசரமில்லடா, டீ குடிச்சிட்டு மெதுவா வா."

இதைச் சொல்லும்போது அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ் மட்டும் வைத்திருப்பவள். மின்னியல் படித்தவள் அல்ல. ஆனாலும் என் சொந்தக் காரில் இதே தொல்லையைப் பட்டுப் பட்டுச் சிலவற்றைக் கற்றுக்கொண்டிருக்கிறேன். நோட்டுகளை மூடி வைத்துவிட்டுக் காரில் ஏறி உட்கார்ந்தேன். அரை மணி நேரத்தில் அந்தச் 'செத்துப்போன' ரேடியோ பேசியது. ஒரு காசு செலவில்லை. என்ன செய்தோம் என்பதைத்தான் இந்த மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கார் நிற்கலாம்.

அது என்ன நீலப் பல்?

வகுப்பில் பிள்ளைகள் என்னைக் கேட்ட கேள்வி இது. புளூடூத் என்றால் ஆங்கிலத்தில் 'நீலப் பல்' என்று பொருள். ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், பத்தாம் நூற்றாண்டில், டென்மார்க்கில் ஹெரால்ட் என்று ஓர் அரசர் இருந்தார். 'நீலப்பல்லர்' என்பது அவருடைய பட்டப்பெயர். பிரிந்து கிடந்த தம் மக்களை ஒன்றாக்கியவர் என்று பேர் பெற்றவர். 1994-இல் சுவீடன் நாட்டின் எரிக்சன் நிறுவனம், கம்பியில்லாமல் அருகருகே உள்ள கருவிகளை இணைக்கும் வேலையைத் தொடங்கியது. 1998-இல் எரிக்சன், நோக்கியா, இன்டெல், ஐ.பி.எம்., தோஷிபா என்ற ஐந்து நிறுவனங்கள் இதற்காக ஒரு சங்கம் அமைத்தன. வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகளை ஒன்றுசேர்க்கும் வேலைக்கு, மக்களை ஒன்றுசேர்த்த அரசரின் பெயரை இன்டெல் பொறியாளர் ஜிம் கார்டாக் சொன்னார். வேறு நல்ல பெயர் கிடைக்கும்வரை என்று வைத்த பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. கைப்பேசியில் நாம் காணும் அந்தக் கோணல்மாணலான சின்னம், அந்த அரசரின் பெயரின் முதல் எழுத்துகள் இரண்டைப் பழைய வடநாட்டு எழுத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக எழுதியதுதான்.

பெயர் எப்படி இருந்தாலும், புளூடூத் என்பது ஒரு வானொலிதான். நம் வீட்டு வானொலி எஃப்.எம். நிலையங்களை 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸுக்குள் பிடிக்கிறது. புளூடூத் அதைவிட மிக மேலே, 2,400 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய வரிசையில் பேசுகிறது. அந்த வரிசையை 79 சிறு தடங்களாகப் பிரித்துக்கொண்டு, ஒரு நொடிக்கு 1,600 முறை தடம் விட்டுத் தடம் தாவுகிறது. ஒரு தடத்தில் இரைச்சல் இருந்தால் அடுத்ததில் பேச்சு தொடரும். அது எட்டும் தூரம் ஏறத்தாழ 10 மீட்டர். இதற்கு இணையச் சேவை தேவையில்லை, டேட்டா செலவாவதும் இல்லை. தோட்டத்தில் இணையம் கிடைக்காத மூலையிலும் கைப்பேசியும் காரும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும்.

பெரட்டும் செக்ரோலும்

இனி முக்கியமான செய்தி. பலர் குழம்புவது இங்கேதான்.

நம் பெரியவர்களுக்குப் பெரட்டுக் களம் நினைவிருக்கும். விடியுமுன் ஆட்கள் வந்து நிற்பார்கள். கிராணி செக்ரோலைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவார். செக்ரோலில் பெயர் பதிந்திருந்தால்தான் வேலை. பெயர் பதிவது ஒருமுறை. பெரட்டில் வந்து நிற்பது தினமும். பெயர் பதிந்த ஆள் ஒருநாள் பெரட்டுக்கு வராமல் போகலாம். பெரட்டில் வந்து நிற்கும் ஆளுக்குச் செக்ரோலில் பெயர் இல்லாமலும் போகலாம்.

காரிலும் இதே கதைதான். கைப்பேசியைக் காரோடு முதல் தடவை சேர்ப்பது பெயர் பதிவது. ஆங்கிலத்தில் 'பேரிங்' என்பார்கள். அப்போது இரண்டும் ஓர் இரகசியச் சாவியை உண்டாக்கி ஆளுக்கொன்று வைத்துக்கொள்கின்றன. பிறகு நாம் காரைத் திறந்து உட்காரும் ஒவ்வொரு முறையும் அந்தச் சாவியைக் காட்டி இணைகின்றன. இது பெரட்டு. ஆங்கிலத்தில் 'கனெக்ட்'.

ஆகவே "புளூடூத் வேலை செய்யவில்லை" என்று பொதுவாகச் சொல்வது போதாது. பெயரே பதியவில்லையா? பதிந்தும் பெரட்டுக்கு வரவில்லையா? வந்தும் வேலை செய்யாமல் நிற்கிறதா? இந்த மூன்றில் எது என்று கண்டுபிடித்தாலே பாதி வேலை முடிந்தது.

பெயரே பதியவில்லை என்றால்

என் பழைய மாணவனின் காரில் இருந்த நோய் இதுதான். காரின் வானொலித் திரையில் புளூடூத் பக்கத்தைத் திறந்து, பதிந்த கைப்பேசிகளின் பட்டியலைப் பார்த்தோம். ஐந்து பெயர்கள் இருந்தன. நான்கு யாருடையவை என்றே தெரியவில்லை. கார் இரண்டாம் கையாக வாங்கியது. முன்பு வைத்திருந்தவரின் குடும்பமே செக்ரோலில் உட்கார்ந்திருந்தது! ஐந்தாவது, பையனின் பழைய கைப்பேசி. அந்தக் கார் ஐந்து பேருக்குமேல் வைத்துக்கொள்ளாது. செக்ரோல் நிறைந்துவிட்டது, புது ஆளுக்கு இடமில்லை. ரேடியோ சாகவில்லை.

எத்தனை கைப்பேசிகளைப் பதியலாம் என்பது காருக்குக் கார் மாறும். ஐந்து முதல் பத்து வரை என்பது வழக்கம். நிறைந்துவிட்டால் சில கார்கள் சொல்லும். சில கார்கள் காரணம் சொல்லாமல் மறுக்கும். ஆகவே பழைய கார் வாங்கியவர்கள் முதல் வேலையாகப் பட்டியல் முழுவதையும் அழித்துவிடுங்கள்.

பிறகு இந்த ஒழுங்கில் செய்யுங்கள்:

1. காரை நிழலில் நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்துவிட்டு, சாவியைத் திருப்பி வையுங்கள். ஓடும்போது பெயர் பதிய விடாதபடிதான் பல கார்களைச் செய்திருக்கிறார்கள். சில சமயம் 'வேலை செய்யவில்லை' என்பதன் காரணம் இவ்வளவுதான்.

2. காரின் பட்டியலில் உங்கள் கைப்பேசியின் பெயர் ஏற்கெனவே இருந்தால் அழியுங்கள். 'டிலீட்' என்றோ 'ரிமூவ்' என்றோ இருக்கும்.

3. கைப்பேசியின் புளூடூத் பட்டியலில் காரின் பெயர் இருந்தால் அதையும் அழியுங்கள். ஐபோனில் 'ஃபர்கெட் திஸ் டிவைஸ்' என்று இருக்கும். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் 'ஃபர்கெட்' அல்லது 'அன்பேர்' என்று இருக்கும். இரண்டு பக்கமும் அழிக்க வேண்டும் என்பதை மறவாதீர்கள். ஒருபக்கம் மட்டும் அழித்தால், ஒருவரிடம் பழைய சாவி, மற்றவரிடம் ஒன்றுமில்லை. கதவு திறக்காது. பலர் தோற்றுப்போவது இந்தப் படியில்தான்.

4. கைப்பேசியை ஒருமுறை முழுவதும் அணைத்துப் போடுங்கள். காரையும் அணைத்து, கதவைத் திறந்து மூடி, ஓரிரு நிமிடம் விட்டு மறுபடி சாவியைத் திருப்புங்கள். வானொலிக்குள் இருப்பதும் ஒரு சிறு கணினிதான். அதற்கும் தூங்கி எழுந்தால் தெளிவு வரும்.

5. காரில் 'ஆட் டிவைஸ்' அல்லது 'பேரிங்' என்பதை அழுத்துங்கள். கைப்பேசியில் புளூடூத் பக்கத்தைத் திறந்து, அந்தப் பக்கத்திலேயே வைத்திருங்கள். அது திறந்திருக்கும்போதுதான் கைப்பேசி மற்றக் கருவிகளின் கண்ணுக்குத் தெரியும்.

6. இப்போதைய கார்களில் இரண்டு திரையிலும் ஓர் ஆறு இலக்க எண் வரும். இரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து 'ஆம்' சொல்லுங்கள். பழைய கார்கள் ஒரு குறியெண் கேட்கும். பெரும்பாலும் 0000 அல்லது 1234. காரின் கையேட்டில் அது எழுதியிருக்கும்.

7. "அழைப்புகளையும் தொடர்பு எண்களையும் காருக்குத் தரலாமா?" என்று கைப்பேசி கேட்கும். அவசரத்தில் 'வேண்டாம்' என்று தட்டிவிட்டால், பிறகு பெயர் தெரியாமல் வெறும் எண் மட்டும் காரில் தெரியும். உங்கள் சொந்தக் கார் என்றால் 'ஆம்' சொல்லுங்கள். வாடகைக் கார், நண்பர் கார் என்றால் 'வேண்டாம்' சொல்லுங்கள்.

பதிந்தும் தானாக இணையவில்லை என்றால்

இதற்கு என் வீட்டுக் கதையே சாட்சி. ஒரு மாதம் முழுக்க, காலையில் நான் காரை எடுக்கும்போது என் கைப்பேசி இணையாது. பள்ளிக்குப் போய்ச் சேர்ந்து, திரும்பும்போது இணையும். இது என்ன மாயம் என்று தலையைப் பிய்த்துக்கொண்டேன். கடைசியில் கண்டுபிடித்தேன். கார் நிற்பது வீட்டு வாசலில். என் கணவர் சமையலறையில் காப்பி குடித்துக்கொண்டிருக்கிறார். அவர் சட்டைப் பையில் கைப்பேசி. பத்து மீட்டருக்குள்தானே இருக்கிறார்! என் கைப்பேசிக்கு முன்னால் அவருடையது காரோடு இணைந்துவிடுகிறது. ஒருநாள் அவருடைய தம்பி அவரைக் கூப்பிட, காருக்குள் நான் "ஹலோ" சொல்ல, வீட்டுக்குள் அவர் "ஹலோ, ஹலோ" என்று கத்த, ஒரே வேடிக்கை.

ஒரு காரில் பலர் பதிந்திருந்தால் இந்தப் போட்டி வரும். பல கார்களில் 'முதலிடம்' தரும் வசதி இருக்கிறது. அதிகமாக ஓட்டுபவரின் கைப்பேசிக்கு அதைக் கொடுங்கள். அந்த வசதி இல்லாவிட்டால், மற்றவர் கைப்பேசியிலிருந்து காரின் பெயரை அழித்துவிடுங்கள். ஒரே வகைக் கைப்பேசியை வீட்டில் இரண்டு பேர் வைத்திருந்தால் பட்டியலில் இரண்டு பெயரும் ஒன்றுபோல் இருக்கும். கைப்பேசி அமைப்பில் பெயரை மாற்றி, 'அம்மா', 'அண்ணன்' என்று வைத்துக்கொள்ளலாம்.

இன்னும் மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது, மின்சேமிப்பு முறை. பேட்டரி குறைந்தால் சில கைப்பேசிகள் புளூடூத்தையும் அடக்கி வைக்கும். இரண்டாவது, ஐபோன்காரர்களுக்கு மட்டும்: மேலிருந்து இழுக்கும் சிறு பலகையில் புளூடூத்தை அணைத்தால் அது முழுக்க அணைவதில்லை, இருந்த இணைப்புகளை மறுநாள் வரை விலக்கி வைக்கும், அவ்வளவுதான். அணைத்துப் போட வேண்டுமானால் 'செட்டிங்ஸ்' பக்கத்துக்கே போக வேண்டும். மூன்றாவது, கைப்பேசியின் மென்பொருளைப் புதுப்பித்த மறுநாள் தொல்லை வந்தால், பழைய சாவி ஒத்துவரவில்லை என்று பொருள். இரு பக்கமும் அழித்துப் புதிதாகப் பதிந்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

எல்லாம் செய்தும் வழிக்கு வரவில்லையா? கைப்பேசியில் 'ரீசெட் நெட்வொர்க்' என்று ஒன்று உண்டு. ஆண்ட்ராய்டில் வை-ஃபை, புளூடூத் என்று சேர்த்து எழுதியிருக்கும். அது உங்கள் படங்களையும் எண்களையும் தொடாது. ஆனால் வீட்டு வை-ஃபை கடவுச்சொல்லும், பதிந்த மற்றப் புளூடூத் கருவிகளும் அழிந்துபோகும். கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு செய்யுங்கள். 'எல்லாவற்றையும் அழி' என்று அதன் பக்கத்திலேயே வேறொன்று இருக்கும். அதைத் தொடாதீர்கள். பேரப்பிள்ளையின் படமெல்லாம் போய்விடும்.

இணைந்தும் வேலை செய்யவில்லை என்றால்

"டீச்சர், பாட்டு வருது, பேச முடியல." "பேச முடியுது, பாட்டு வரல." இப்படி இரண்டு விதமாகவும் கேட்டிருக்கிறேன். பெரட்டில் ஒரே ஆள் வந்து நின்றாலும் அவனுக்குத் தரும் வேலை பலவகை இல்லையா? புளூடூத்திலும் பேச்சுக்கு ஒரு வேலை, பாட்டுக்கு ஒரு வேலை, தொடர்பு எண்களுக்கு ஒரு வேலை என்று தனித்தனி. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் காரின் பெயர் பக்கத்தில் உள்ள பற்சக்கரப் படத்தைத் தொட்டால், 'கால்ஸ்' என்றும் 'மீடியா ஆடியோ' என்றும் தனித்தனிப் பொத்தான்கள் தெரியும். எது அணைந்திருக்கிறதோ அதைப் போடுங்கள்.

சில பழைய கார்களில் பேச்சு வசதி மட்டுமே வைத்திருப்பார்கள். பாட்டு வசதியே இருக்காது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? அப்படிப்பட்ட காரில் எந்தப் பொத்தானை அழுத்தியும் பயனில்லை.

ஒலியே வரவில்லை என்றால், வானொலி எஃப்.எம்.மில் நிற்கிறதா என்று பாருங்கள். பாட்டுக்குப் 'பி.டி. ஆடியோ' என்ற இடத்துக்கு மாற்ற வேண்டும். பேச்சின் சத்தமும் பாட்டின் சத்தமும் பல கார்களில் தனித்தனி. பேச்சின் சத்தத்தை யாரோ பூஜ்யத்தில் வைத்திருப்பார்கள். பாட்டு நன்றாக ஒலிக்கும். பேசிக்கொண்டிருக்கும்போதே சத்தத்தைக் கூட்டினால்தான் அது கூடும். காரை நிறுத்தி வைத்து, வீட்டிலிருந்து ஒருவரைக் கூப்பிடச் சொல்லிச் சரிசெய்யுங்கள்.

பாட்டு விட்டுவிட்டு வருகிறதா? கைப்பேசி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பின்பெட்டியில் இரும்புச் சாமான்களுக்கு நடுவே பையில் இருந்தால் அலை தடுமாறும். முன்கண்ணாடிக் கேமராவின் வை-ஃபையும் பெரும்பாலும் அதே 2,400 வரிசையில்தான் பேசும். அதை அணைத்துப் பாருங்கள். சட்டைப் பையிலுள்ள கம்பியில்லாக் காதுக்கருவியின் பெட்டி திறந்துகொண்டு, ஒலியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதும் உண்டு.

ஆண்ட்ராய்டு ஆட்டோ, ஆப்பிள் கார்ப்ளே வைத்திருக்கும் வீடுகளுக்கு ஒரு சொல். கம்பியில் செருகும் வகை என்றால் முதல் குற்றவாளி கம்பிதான். இரவுச் சந்தையில் வாங்கும் மலிவுக் கம்பிகள் சில, மின்சாரத்தை மட்டும் கடத்தும்; செய்தியைக் கடத்தாது. கைப்பேசிக்கு மின்சாரம் ஏறும், திரையில் ஒன்றும் வராது. கம்பியில்லா வகை என்றால் புளூடூத், வை-ஃபை இரண்டும் போட்டிருக்க வேண்டும்.

எப்போது கடைக்குப் போவது?

கடைக்காரர்கள் எல்லாரும் ஏமாற்றுபவர்கள் என்று நான் சொல்லவில்லை. உண்மையான பழுதும் உண்டு. அதை அறிய ஒரு வழி இருக்கிறது. வேறொருவர் கைப்பேசியை உங்கள் காரில் பதிந்து பாருங்கள். உங்கள் கைப்பேசியை வேறொருவர் காரில் பதிந்து பாருங்கள். உங்கள் கைப்பேசி மற்றக் காரில் வேலை செய்து, மற்றக் கைப்பேசிகள் எதுவும் உங்கள் காரில் சேரவில்லை, பட்டியலும் காலியாக இருக்கிறது என்றால், கோளாறு காரில்தான். அப்போது கடைக்குப் போங்கள். என்னென்ன செய்து பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள். விவரம் தெரிந்து வருபவரிடம் யாரும் எடுத்த எடுப்பில் 680 வெள்ளி கேட்க மாட்டார்கள்.

காரின் பேட்டரிக் கம்பியைக் கழற்றி மாட்டினால் சரியாகும் என்று சிலர் யோசனை சொல்வார்கள். சில வானொலிகள் அதன்பிறகு இரகசிய எண் கேட்டுப் பூட்டிக்கொள்ளும். அந்த எண் கையில் இல்லாமல் அதைச் செய்ய வேண்டாம்.

புளூடூத்தே இல்லாத பழைய கார் வைத்திருப்பவர்கள் மனம் தளர வேண்டாம். சிகரெட் பற்றவைக்கும் துளையில் செருகும் சிறு கருவி கடைகளில் கிடைக்கிறது. கைப்பேசியிடமிருந்து புளூடூத்தில் வாங்கி, எஃப்.எம். அலையாக வானொலிக்குக் கொடுக்கும். நிலையம் எதுவும் இல்லாத வெற்று இடமாகப் பார்த்துக் கருவியையும் வானொலியையும் ஒரே எண்ணில் வையுங்கள். பட்டணத்தை நெருங்கும்போது வேறு நிலையம் குறுக்கிட்டால் இரைச்சல் வரும். காரை நிறுத்தி எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள்.

காரை விற்குமுன்

ஒரு செய்தியை இங்கே சொல்லாமல் விடக்கூடாது. அந்தப் பையனின் காரில் முன்பு வைத்திருந்தவர்களின் பெயர்கள் மட்டுமல்ல, ஒருவருடைய தொடர்பு எண்களும் அப்படியே இருந்தன. மாமியார், பிள்ளையின் பள்ளி, வங்கி அதிகாரி என்று எல்லாம். நாங்கள் பார்க்காமல் அழித்தோம். எல்லாரும் அப்படிச் செய்வார்கள் என்று சொல்ல முடியுமா? பேசி ஏமாற்றுகிறவர்கள் மலிந்த காலம் இது. காரை விற்கும்போது பின்பெட்டியைத் துடைப்பதுபோல, வானொலியின் பட்டியலையும் துடைத்துவிட்டுக் கொடுங்கள். 'ஃபேக்டரி ரீசெட்' என்று ஒன்று இருந்தால் அது எல்லாவற்றையும் சேர்த்து அழிக்கும்.

உயிரைவிடப் பெரிய அழைப்பா?

கணக்கு வாத்தியார் இல்லாவிட்டாலும் ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் ஓடுகிறது. கைப்பேசியை எடுத்து, யார் என்று பார்க்க மூன்று நொடி என்று வையுங்கள். அதற்குள் 50 மீட்டர் ஓடிவிடும். செம்பனையை ஏறத்தாழ 9 மீட்டர் இடைவெளியில் நடுகிறோம். ஐந்து மரங்களைக் கண்ணை மூடிக்கொண்டு கடப்பதற்குச் சமம் அது. அந்த ஐந்து மரத்துக்குள் ஒரு மாடு வரலாம். சைக்கிளில் ஒரு பிள்ளையும் வரலாம்.

மலேசியாவில் ஓட்டும்போது கைப்பேசியைக் கையில் பிடித்துப் பேசுவது குற்றம். பிடிபட்டால் 300 வெள்ளி சமன் என்பது ஓட்டுநர்கள் அறிந்ததே. சிங்கப்பூரில் 2015 பிப்ரவரி முதல், ஓடும் வண்டியில் கைப்பேசியைக் கையில் பிடித்து இயக்குவதே குற்றம். பேசினாலும் சரி, திரையைத் தட்டினாலும் சரி. ஆனால் சமனுக்குப் பயந்து மட்டும் இதைச் செய்ய வேண்டாம். வீட்டில் காத்திருப்பவர்களை நினைத்துச் செய்யுங்கள்.

புளூடூத் சரியாகிவிட்டால் எவ்வளவு வேண்டுமானாலும் பேசிக்கொண்டு ஓட்டலாம் என்றும் எண்ணாதீர்கள். கை காலியாக இருக்கும். மனம் காலியாக இருக்காது. குடும்பச் சண்டையைக் காரில் பேசுகிறவனின் கண் சாலையில் இருந்தாலும் நினைவு வீட்டில்தான் இருக்கும். "ஓட்டிக்கிட்டு இருக்கேன், அப்புறம் பேசுறேன்" என்று சொல்ல மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். நீண்ட பேச்சு என்றால் ஓரமாக நிறுத்திப் பேசுங்கள்.

தாய்மார்களே, இது உங்களுக்கு. மகனையோ மகளையோ கூப்பிடும்போது முதல் கேள்வியாக, "காரு ஓட்டுறியா?" என்று கேளுங்கள். "ஆமாம்" என்றால் உடனே வைத்துவிடுங்கள். பிள்ளை எடுக்கவில்லை என்றால் பத்து முறை திரும்பத் திரும்பக் கூப்பிடாதீர்கள். பத்தாவது முறை அடிக்கும்போது, ஏதோ ஆபத்து என்று எண்ணித்தான் அவன் குனிந்து எடுக்கிறான்.

அன்று மாலை பையனின் புதுக் கைப்பேசியைப் பதிந்து முடித்தபோது இருட்டிவிட்டது. சோதித்துப் பார்க்க, வீட்டிலிருந்த அவன் தாயாரைக் கூப்பிடச் சொன்னோம். காருக்குள் மணி அடித்தது. திரையில் 'அம்மா' என்று எழுத்து வந்தது. பொத்தானை அழுத்தினான்.

"எங்கடா இருக்கே? டீச்சர் வீட்டுலயா? காரை நிப்பாட்டிட்டுத்தானே பேசுறே?" என்று கேட்டார் அந்தத் தாய்.

நான் சொல்லிக்கொடுக்க வேண்டியது அதற்குமேல் ஒன்றுமில்லை என்று நோட்டுகளைத் திருத்தப் போய்விட்டேன்.

உங்கள் காரில் நீங்கள் கண்ட தொல்லை என்ன, எப்படித் தீர்த்தீர்கள் என்று எழுதுங்கள். மற்றவர்களுக்குப் பயன்படும். அடுத்த இதழில் வேறொரு செய்தியோடு அஞ்சடியில் உட்கார்ந்து பேசுவோம்.

வணக்கம்.